ஜெனரல் டோஸ்ட்லர் வழக்கு: லா ஸ்பெசியாவுக்கு வந்த இரண்டு தந்திகள்

ஜெர்மன் காலாட்படை ஜெனரல் அன்டோன் டோஸ்ட்லர் பெரிய போர் எதையும் வென்று பேர் வாங்கியவர் அல்ல. பெரிய தோல்வி எதற்கும் பொறுப்பேற்றவரும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மேற்கத்திய நேச நாடுகள் வழக்கு நடத்தி, தண்டித்து, சுட்டுக்கொன்ற முதல் ஜெர்மன் ஜெனரல் என்பதுதான் அவருக்குக் கிடைத்த இடம். இத்தாலியில் பிடிபட்ட 15 அமெரிக்கப் படைவீரர்களை விசாரணையின்றிச் சுடச் சொன்னது அவர் மேல் இருந்த குற்றம்.

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: மேலிடத்து உத்தரவை நிறைவேற்றியவரைத் தண்டிக்கலாமா? கேள்வி சரியானதுதான். ஆனால் 1944 மார்ச் 24 முதல் 26 வரை நடந்ததை மணிக்கணக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தால், வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருப்பது தெரியும். முதல் தந்திக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழு நாள் இருந்தது. அந்த ஒரு நாளில் கீழே இருந்தவர்கள் திரும்பத் திரும்ப "வேண்டாம்" என்று மன்றாடினார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு ஒரே மேசைக்குத்தான் திரும்பி வந்தது. அந்த மேசை ஹிட்லருடையது அல்ல, டோஸ்ட்லருடையது.

டோஸ்ட்லர் யார்

1891 மே 10 அன்று மியூனிக்கில் பிறந்தவர். 1910இல் ராணுவத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் இளநிலை அதிகாரி. இரண்டாம் போர் தொடங்கியபோது 7ஆவது ராணுவத்தின் தலைமைப் பணியாளர் அதிகாரி. அதாவது களத்தில் துப்பாக்கி பிடிப்பதைவிட, உத்தரவுகளை எழுதி, அனுப்பி, பதில் வாங்கும் வேலை. பிறகு 1941–42இல் 57ஆவது காலாட்படை டிவிஷன், 1942இல் 163ஆவது காலாட்படை டிவிஷன். 1944 ஜனவரியில் இத்தாலியில் 75ஆவது கோரின் (பல டிவிஷன்கள் அடங்கிய படைத்தொகுதி) தளபதி ஆனார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெனிஸ் கடற்கரைப் பாதுகாப்புப் பொறுப்பு. அதே தலைமையகத்துக்குப் பின்னர் 73ஆவது கோர் என்று பெயர் மாறியது. போர் முடியும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் நம் வழக்குக்கு வேண்டியது ஒன்றே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்தவர், பணியாளர் அதிகாரியாகப் பழகியவர். ஓர் உத்தரவு எந்த வழியாக வருகிறது, அதை எங்கே நிறுத்தி வைக்கலாம், எப்போது "தெளிவுபடுத்துங்கள்" என்று மேலே திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் தெரியாதவர் என்று யாரும் அவருக்காக வாதாட முடியாது.

சுரங்கத்தைத் தேடி வந்த 15 பேர்

1944 வசந்தத்தில் நேச நாட்டுப் படைகள் ரோமுக்குத் தெற்கே காசினோவிலும் அன்சியோவிலும் முட்டிக்கொண்டு நின்றன. எதிரில் இருந்த ஜெர்மானியர்களுக்கு வடக்கிலிருந்து ரயிலில்தான் சரக்கு வந்தது. மார்ச் 19இல் நேச நாட்டு விமானப்படை இத்தாலிய ரயில் பாதைகளை முடக்கும் 'ஸ்ட்ராங்கிள்' நடவடிக்கையைத் தொடங்கியது. ஆனால் வடமேற்கு இத்தாலியின் துறைமுக நகரங்களான ஜெனோவாவுக்கும் லா ஸ்பெசியாவுக்கும் இடையே உள்ள கடலோரப் பாதை விமானக் குண்டுக்கு எளிதில் மசியாது. அது மலைப்பாறையைக் குடைந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, சற்றே வெளியே வந்து, மறுபடி அடுத்த சுரங்கத்துக்குள் நுழைகிற பாதை. வெட்டவெளியில் தண்டவாளத்தைப் பெயர்த்தால் பழுதுபார்ப்புக் குழு விரைவில் சரிசெய்துவிடும். சுரங்கத்தின் வாயை உள்ளிருந்து சரித்தால் கல்லை அள்ளவே பல நாள் பிடிக்கும். ஆகவே ஆட்கள் நேரில் போய் வெடி வைக்க வேண்டும் என்று முடிவானது.

அமெரிக்க உளவு மற்றும் சிறப்பு நடவடிக்கை அமைப்பான ஓ.எஸ்.எஸ். இந்த வேலைக்கு வைத்த பெயர் 'ஜின்னி'. கோர்சிகா தீவின் பாஸ்தியாவிலிருந்து வேகப் படகில் புறப்பட்டு, கரைக்குச் சற்றுத் தொலைவில் ரப்பர் படகுக்கு மாறி, இருட்டில் கரையேறி, வெடி வைத்துவிட்டு விடிவதற்குள் திரும்ப வேண்டும். பிப்ரவரி கடைசியில் நடந்த முதல் முயற்சியில் தவறான இடத்தில் கரையேறினார்கள். சுரங்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் தீர்ந்தது. திரும்பிவிட்டார்கள்.

மார்ச் 22 இரவு இரண்டாம் முயற்சி. 2 அதிகாரிகள், 13 வீரர்கள். எல்லோரும் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர்கள், இத்தாலிய மொழி பேசுகிறவர்கள். ஆனால் எல்லோரும் அணிந்திருந்தது முறையான அமெரிக்க ராணுவச் சீருடை. ஒருவரிடமும் சாதாரண உடை இல்லை. வழக்கு முழுவதும் இந்த ஒரு விவரத்தின் மேல்தான் நிற்கிறது.

கரையேறிய இடம் ஃப்ராமுரா ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. போர்க்குற்ற வழக்குகளின் சட்ட அறிக்கையில் இது லா ஸ்பெசியாவுக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. என்று அச்சாகியிருக்கிறது, பலரும் அதை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். வரைபடத்தில் அளந்தால் நேர்க்கோட்டில் 30 கி.மீ.கூட வராது. போர்முனைக்குப் பின்னால் சுமார் 400 கி.மீ. என்று அதே அறிக்கை சொல்வது மட்டும் பொருந்துகிறது.

இம்முறை தவறியது ஒன்றல்ல. இறங்கிய இடம் மறுபடியும் இலக்கிலிருந்து விலகியிருந்தது. கடலில் எதிரிக் கலங்கள் நடமாடியதால் வேகப் படகுகள் காத்திருக்க முடியாமல் விலகிப் போயின. அடுத்த இரவு அழைத்துப்போக வந்த முயற்சியும் கைகூடவில்லை. பகல் முழுவதும் ஒளிந்திருக்க வேண்டிய கட்டாயம்; பசிக்கு உள்ளூர் விவசாயியிடம் உணவு கேட்க வேண்டிய கட்டாயம். கரையில் மறைத்த ரப்பர் படகுகள் உள்ளூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டன. ஓர் இரவில் முடிகிற வேலைக்கு 15 பேர் சரியான எண்ணிக்கை. பகலிலும் ஒளிந்திருக்க அது மிக அதிகம். மார்ச் 24 காலை இத்தாலிய ஃபாசிஸ்ட் வீரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்த ஒரு குழு அவர்களைப் பிடித்தது.

மார்ச் 24 முதல் 26 வரை

கைதிகள் லா ஸ்பெசியாவுக்குக் கொண்டு வரப்பட்டு, 135ஆவது கோட்டை பிரிகேட் தலைமையகத்துக்கு அருகில் அடைக்கப்பட்டார்கள். அதிகார ஏணி இப்படி: பிரிகேடுக்குக் கர்னல் அல்மர்ஸ். அவருக்கு மேலே 75ஆவது கோர், டோஸ்ட்லர். அவருக்கு மேலே ஜெனரல் ஃபான் ஸாங்கனின் படைத்தொகுதி. அதற்கும் மேலே இத்தாலியின் ஜெர்மன் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கெசெல்ரிங்.

கடற்படை உளவு அதிகாரிகள் இருவர் விசாரித்தார்கள். விசாரணையின் போக்கில் அமெரிக்க அதிகாரிகளில் ஒருவர் வந்த வேலையைச் சொல்லிவிட்டார். அன்றே பிரிகேடிலிருந்து கோருக்கு அறிக்கை போனது.

மார்ச் 25, சனிக்கிழமை காலை. டோஸ்ட்லர் கையெழுத்திட்ட தந்தி பிரிகேடுக்கு வந்தது. சாரம்: பிடிபட்ட அமெரிக்கர்களை உடனே சுட்டுவிடவும்.

இங்கேதான் நாம் எதிர்பார்க்காதது நடக்கிறது. பிரிகேட் அதிகாரிகளும் விசாரித்த கடற்படைக்காரர்களும் அந்தத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கவில்லை. கோர் தலைமையகத்தைத் தொடர்புகொண்டு, நிறைவேற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டார்கள். சீருடையில் வந்த படைவீரர்களைப் பிடித்து வைத்து, விசாரித்து, அதன்பின் சுடுவது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கோர் தலைமையகத்திலேயே ஓர் அதிகாரிக்கு அது தெரிந்திருந்தது. கிழக்குப் பிரஷ்யப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஸு டோனா-ஷ்லோபிட்டன், கொலை உத்தரவில் கையெழுத்திட மறுத்தார். கீழ்ப்படியாமைக்காக ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். சுடப்படவில்லை. அவர் 1997 வரை வாழ்ந்தார். மறுத்தால் உயிர் போயிருக்கும் என்ற வாதத்தை எடைபோடுகிறவர்கள் இந்தத் தகவலை ஓரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை மாலை இரண்டாவது தந்தி. மறுநாள் காலை 7 மணிக்குள் உத்தரவு நிறைவேறியதாக அறிக்கை வர வேண்டும். முதல் தந்தியில் இருந்தது உத்தரவு. இரண்டாவதில் இருந்தது கெடு. அல்மர்ஸ் அதன் பிறகே துப்பாக்கி அணிக்கும் குழி தோண்டுவதற்கும் ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்த இரவிலும் பிரிகேட் அதிகாரிகளும் கடற்படைக்காரர்களும் தொலைபேசியில் டோஸ்ட்லரிடம் முடிவை மாற்றச் சொல்லி இரண்டு முறை முயன்றார்கள். பலிக்கவில்லை.

மார்ச் 26, ஞாயிறு அதிகாலை. லா ஸ்பெசியாவுக்குத் தெற்கே, அமெலியாவை ஒட்டிய புன்டா பியான்கா முனையில் 15 பேரும் சுடப்பட்டார்கள். ஒரே குழியில் புதைத்து, மேலே அடையாளம் தெரியாமல் மூடினார்கள். விசாரணை மன்றம் கிடையாது. தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடையாது. பிடிபட்டதிலிருந்து சாவு வரை சுமார் 48 மணி நேரம்.

மார்ச் 24 அன்றுதான் ரோமில் ஆர்டியாட்டின் குகைகளில் 335 பேரை ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அன்றைய இத்தாலியில் மேலிருந்து வந்த உத்தரவுகளின் சூடு எப்படி இருந்தது என்பதற்கு இது சான்று. டோஸ்ட்லருக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் அவருடைய தொலைபேசியின் மறுமுனை எப்படிப்பட்ட மனநிலையில் இருந்தது என்பதை விளக்கும்.

கமாண்டோ ஆணையில் என்ன இருந்தது

டோஸ்ட்லர் பிடித்துக்கொண்ட தூண், ஹிட்லர் 1942 அக்டோபர் 18 அன்று கையெழுத்திட்ட கமாண்டோ ஆணை. 12 பிரதிகள் மட்டுமே எடுக்கப்பட்டன. தளபதிகளுக்கு மட்டுமானது, எந்தச் சூழ்நிலையிலும் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஜெர்மன் படைத் தலைமையகத்தின் நடவடிக்கைப் பிரிவுத் தலைவர் யோடல் மறுநாள் ஒரு குறிப்பையும் இணைத்தார். சட்டப்படி சரியான உத்தரவுக்கு இவ்வளவு மறைப்பு எதற்கு என்று பின்னாளில் நீதிமன்றங்கள் கேட்டதில் வியப்பில்லை.

அதற்கு முன்னால் நடந்த இரண்டு சம்பவங்களைக் காரணமாகக் காட்டினார்கள். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் டியெப் துறைமுகத்தின் மீதான நேச நாட்டுத் தாக்குதலில் ஜெர்மன் கைதிகளின் கைகள் கட்டப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் தீவில் கட்டப்பட்ட கைதிகள் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டது. இவற்றுக்குப் பதிலடி என்ற பெயரில் ஆணை சொன்னது: கமாண்டோ நடவடிக்கைகளில் ஈடுபடுவோர் சீருடையில் இருந்தாலும், ஆயுதம் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சண்டையிலோ தப்பியோடும்போதோ கடைசி ஆள் வரை ஒழிக்கப்பட வேண்டும். வேறு வழியில், எடுத்துக்காட்டாக உள்ளூர்ப் போலீஸ் மூலம், ராணுவத்தின் கைக்கு வந்தால் எஸ்.டி. என்ற பாதுகாப்புப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். வழக்கமான சண்டையிலும் பெரிய தரையிறக்கங்களிலும் பிடிபடுவோருக்கு ஆணை பொருந்தாது. நிறைவேற்றத் தவறும் தளபதிகள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்கள்.

கவனமாகப் படித்தால் ஆணையிலேயே டோஸ்ட்லருக்கு இடைவெளி இருந்தது. இந்த 15 பேர் சண்டையிலும் சாகவில்லை, ஓடும்போதும் சாகவில்லை. சரணடைந்து, இரண்டு நாள் காவலில் இருந்து, விசாரிக்கப்பட்டவர்கள். எஸ்.டி.யிடம் ஒப்படைப்பது என்ற பிரிவை அவர் எடுத்திருந்தால் கைதிகளின் முடிவு பெரும்பாலும் மாறியிருக்காது; ஆனால் "எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன்" என்று சொல்லவாவது அவருக்கு ஆவணம் இருந்திருக்கும். தனக்கு 1944இல் வந்த வடிவத்தில் கூடுதல் விவரங்கள் இருந்தன என்றார் அவர். அந்த வடிவம் நீதிமன்றத்தின் முன் வரவில்லை.

ரோம் விசாரணை

1945 மே 2 அன்று இத்தாலியில் ஜெர்மன் படைகள் சரணடைந்தன. அந்த மாதத்தில் டோஸ்ட்லர் அமெரிக்கர் கையில் போர்க்கைதி ஆனார். 15 பேரின் கதி வெளிவந்தபின் குற்றச்சாட்டு. அக்டோபர் 8 முதல் 12 வரை ரோமில் அமெரிக்க ராணுவ ஆணையம் விசாரித்தது. ஜூரி இல்லை, சட்டம் படித்த நீதிபதியின் தீர்ப்பும் இல்லை. உறுப்பினர்கள் எல்லோரும் ராணுவ அதிகாரிகள். தலைவர் மேஜர் ஜெனரல் லாரன்ஸ் ஜேன்ஸ். அரசுத் தரப்பில் மேஜர் ஃபிரெடரிக் ரோச். டோஸ்ட்லருக்காக வாதாடியவர் அமெரிக்கக் கர்னல் கிளாடியஸ் வுல்ஃப்.

சாட்சிய விதிகள் தளர்வானவை. நியாயமான மனிதர் ஒருவருக்கு நிரூபண மதிப்பு உடையதாகத் தோன்றும் எதையும் ஏற்கலாம். செவிவழிச் சாட்சியமும் உள்ளே வரும். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. போர்ப்பகுதித் தளபதி உறுதிசெய்தால் போதும். இன்றைய கண்ணுக்கு இது நெருடும். ஆனால் இந்த வழக்கில் அடிப்படை நிகழ்வுகளைப் பற்றி இரு தரப்புக்கும் பெரிய சண்டை இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தந்தி போனது, 15 பேர் செத்தார்கள். மோதல் முழுவதும் சட்டத்தைப் பற்றியது.

வுல்ஃப் முதலில் ஆணையத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்டார். 1929 ஜெனீவா உடன்படிக்கையின் 63ஆவது பிரிவு, போர்க்கைதிக்குத் தண்டனை விதிப்பதானால் சிறைப்பிடித்த நாடு தன் சொந்தப் படையினரை விசாரிக்கும் அதே நீதிமன்றமும் அதே நடைமுறையும் வேண்டும் என்கிறது. டோஸ்ட்லர் போர்க்கைதி. அமெரிக்க ஜெனரல் ஒருவரை விசாரிப்பது முறையான ராணுவ நீதிமன்றம், இப்படி ஓர் ஆணையம் அல்ல. ஆகவே இந்த மன்றம் செல்லாது. வாதம் கூர்மையானது. ஆணையம் ஏற்கவில்லை: 63ஆவது பிரிவு கைதியாக இருக்கும்போது செய்யும் குற்றங்களுக்கு மட்டுமே, பிடிபடுவதற்கு முன் செய்த போர்க்குற்றங்களுக்கு அல்ல என்றது. தன் கைதிகளுக்கு ஒரு மணி நேர விசாரணைகூடத் தராதவர் தன் விஷயத்தில் எந்த வகை நீதிமன்றம் என்று வழக்காடுவதைக் கேட்க எரிச்சல் வரலாம். சட்டத்தில் அந்த எரிச்சலுக்கு இடமில்லை. இந்த வாதம் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அடுத்தது, அந்த 15 பேர் யார் என்பது. உளவாளிகள் என்றால்? போர் நடத்தை பற்றிய ஹேக் விதிகளின் 29ஆவது பிரிவுப்படி மறைவாகவோ பொய் வேடத்திலோ தகவல் சேகரிப்பவரே உளவாளி. வேடமில்லாமல் எதிரிப் பகுதிக்குள் ஊடுருவும் படைவீரர் உளவாளி ஆகமாட்டார். சுரங்கத்தை உடைக்க வருவது முறையான போர்ச்செயல். ஒரு பேச்சுக்கு உளவாளிகள் என்றே வைத்துக்கொண்டாலும், 30ஆவது பிரிவு விசாரணையின்றித் தண்டிப்பதைத் தடுக்கிறது. எந்தக் கதவைத் திறந்தாலும் விசாரணை என்ற ஒன்று குறுக்கே நின்றது.

பதிலடி என்ற வாதம் அதைவிட எளிதாக விழுந்தது. 1929 உடன்படிக்கையின் 2ஆவது பிரிவு போர்க்கைதிகள் மீது பதிலடி நடவடிக்கையை முற்றாகத் தடைசெய்கிறது. ஜெர்மனியும் அமெரிக்காவும் அதை ஏற்றுக் கையொப்பமிட்ட நாடுகள். அதே உடன்படிக்கையின் 66ஆவது பிரிவு, கைதிக்கு மரண தண்டனை விதித்தால் அவருடைய நாட்டின் நலன் காக்கும் நடுநிலை நாட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்து குறைந்தது மூன்று மாதம் கழியாமல் நிறைவேற்றக்கூடாது என்கிறது. அமெரிக்காவுக்கு அந்த நடுநிலை நாடு சுவிட்சர்லாந்து. மூன்று மாதத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் உள்ள தூரத்தை வாதத்தால் நிரப்ப முடியவில்லை.

மிச்சம் மேலிடத்து உத்தரவு. தான் உத்தரவைக் கடத்தியவர் மட்டுமே, அது கெசெல்ரிங்கிடமிருந்து வந்தது, அதற்கும் மேலே ஃப்யூரர் ஹிட்லரின் ஆணை இருக்கிறது என்பது டோஸ்ட்லர் தரப்பு. ஸாங்கன் சாட்சியாக வந்தார். இந்த 15 பேரைச் சுடச் சொல்லித் தான் எதுவும் உத்தரவிடவில்லை என்றார். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது என்பது உண்மை. அவரது வார்த்தையை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் மேலே ஒரு குறிப்பான உத்தரவு இருந்தது என்று காட்டும் பொறுப்பு டோஸ்ட்லருக்கு. காட்ட ஒரு தாளும் இல்லை. கைவசம் இருந்த ஒரே தடம் அவருடைய பெயருடன் கீழே போனது.

இதில் அமெரிக்கர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கொலை நடந்த 1944 மார்ச்சில் நடைமுறையில் இருந்த அமெரிக்க ராணுவக் கையேட்டின் 347ஆவது பத்தி, அரசின் அல்லது தளபதியின் உத்தரவுப்படி செய்த குற்றத்துக்குப் படையினர் தண்டிக்கப்படமாட்டார்கள் என்றே சொன்னது. மேலிடத்து உத்தரவைத் தண்டனைக் குறைப்புக்கும் எதிர்வாதத்துக்கும் கணக்கில் எடுக்கலாம் என்று அதைத் திருத்தியது 1944 நவம்பர் 15 அன்று, அதாவது எட்டு மாதம் கழித்து. அப்படியானால் பின்னால் வந்த விதியை முன்னால் நடந்த செயலுக்குப் பொருத்தினார்களா?

இங்கே பழைய பத்தியின் அடுத்த வாக்கியத்தையும் படிக்க வேண்டும். அத்தகைய செயல்களுக்கு உத்தரவிடும் தளபதிகள், தங்களைப் பிடிக்கும் எதிரியால் தண்டிக்கப்படலாம் என்று அது சொல்கிறது. டோஸ்ட்லர் நடுப்படியில் நின்றவர். மேலே பார்த்தால் கீழ்ப்படிபவர், கீழே பார்த்தால் கட்டளையிடுபவர். துப்பாக்கி பிடித்த வீரனுக்குப் பழைய விதி கவசம். தந்தியில் கையெழுத்துப் போட்ட ஜெனரலுக்கு அதே விதி கவசமில்லை. முதல் தந்தியை மட்டும் வைத்து வழக்கு நடந்திருந்தால், "வந்ததைக் கீழே அனுப்பினேன்" என்ற வாதத்துக்குக் கொஞ்சம் எடை இருந்திருக்கும். கீழிருந்து மறுப்பு வந்தபின் கெடு வைத்த இரண்டாம் தந்தியும், இரவில் வந்த அழைப்புகளை மறுத்ததும் வெறும் கடத்தல் அல்ல. அவை புதிதாக எடுத்த முடிவுகள்.

ஜெர்மன் சட்டமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஜெர்மன் ராணுவக் குற்றச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, உத்தரவின் நோக்கமே குற்றம் என்று தெரிந்தும் நிறைவேற்றும் கீழதிகாரி தண்டனைக்குரியவர். 1921இல் லைப்சிக் நீதிமன்றம், மூழ்கடித்த மருத்துவமனைக் கப்பலிலிருந்து தப்பிய படகுகளைச் சுட்ட இரண்டு ஜெர்மன் கடற்படை அதிகாரிகளுக்கு நான்கு ஆண்டு தண்டனை கொடுத்தபோது, மேலிடத்து உத்தரவு என்ற வாதத்தைத் தள்ளியது. டோஸ்ட்லர் தலைமுறை அதிகாரிகள் அறிந்த வழக்கு அது.

அக்டோபர் 12 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. துப்பாக்கியால் சுடப்பட்டு மரணம் என்று தண்டனை.

தண்டனை

படைத்துறை மரபில் தூக்கு கயவனுக்கு, துப்பாக்கி படைவீரனுக்கு. நியூரம்பெர்கில் ஜெர்மன் படைத் தலைமையகத் தலைவர் கைட்டலும் யோடலும் துப்பாக்கியைக் கேட்டுப் பெற முடியாமல் 1946 அக்டோபரில் தூக்கில் தொங்கினார்கள். ஜப்பானிய ஜெனரல் யமஷிதாவும் தூக்குத்தான். டோஸ்ட்லருக்குப் படைவீரனின் சாவு கிடைத்தது.

1945 டிசம்பர் 1 காலை 8 மணிக்கு, நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்சாவில், கம்பத்தில் கட்டி, 12 பேர் கொண்ட துப்பாக்கி அணி நிறைவேற்றியது. அமெரிக்க ராணுவம் முழுவதையும் படமெடுத்தது. அந்தப் புகைப்படங்களும் படச்சுருளும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உடல் ரோமுக்குத் தெற்கே பொமேசியாவில் உள்ள ஜெர்மன் போர்க்கல்லறையில் இருக்கிறது. அவர் சாகும்போது நியூரம்பெர்க் விசாரணை தொடங்கி 11 நாள்தான் ஆகியிருந்தது. முந்தைய நாள், கப்பல் மூழ்கியபின் உயிர்தப்பியவர்களைச் சுட்ட வழக்கில் நீர்மூழ்கித் தளபதி ஹைன்ஸ் எக்கை ஆங்கிலேயர்கள் சுட்டிருந்தார்கள்.

மற்றவர்கள்

ஏணியில் டோஸ்ட்லருக்கு மேலே நின்றவர்கள் எவரும் புன்டா பியான்காவுக்காக உயிரைக் கொடுக்கவில்லை. ஸாங்கன் சாட்சியாக வந்து போனவர், 1964இல் இறந்தார். கெசெல்ரிங்குக்கு 1947 மே மாதம் வெனிஸில் ஆங்கிலேய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, ஆனால் அது ஆர்டியாட்டின் குகைகளுக்கும் இத்தாலியக் குடிமக்கள் கொலைக்கும். அது ஆயுளாகி, பிறகு 21 ஆண்டாகி, 1952இல் அவர் வெளியே வந்துவிட்டார். நார்வேயில் இதே கமாண்டோ ஆணையை நிறைவேற்றிய ஜெனரல் ஃபால்கன்ஹோர்ஸ்டுக்கு 1946இல் மரண தண்டனை. 20 ஆண்டாகக் குறைந்து 1953இல் விடுதலை. 1945 இலையுதிர் காலத்தில் தீர்ப்புப் பெற்றவருக்கும் 1947இல் பெற்றவருக்கும் உள்ள வேறுபாடு குற்றத்தின் கனத்தில் மட்டும் இல்லை. இடையில் அரசியல் வானிலை மாறிவிட்டது. டோஸ்ட்லர் இரண்டு ஆண்டு தாமதமாக விசாரிக்கப்பட்டிருந்தால் அவரும் ஐம்பதுகளில் ஓய்வூதியம் வாங்கியிருப்பார் என்பதே எங்கள் கணிப்பு. அதனால் ரோம் தீர்ப்பு தவறாகிவிடாது. பிந்தைய விடுதலைகள்தான் கேள்விக்குரியவை.

வுல்ஃபின் 63ஆவது பிரிவு வாதத்துக்கு வருவோம். டோஸ்ட்லர் இறந்து இரண்டு மாதம் கழித்து, 1946 பிப்ரவரி 4 அன்று, யமஷிதா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோம் ஆணையத்தின் நிலையையே எடுத்தது: அந்தப் பிரிவு பிடிபட்டபின் செய்யும் குற்றங்களுக்கு மட்டும். நீதிபதிகள் மர்ஃபியும் ரட்லெட்ஜும் உடன்படவில்லை. அந்த நிலை நெடுநாள் நிற்கவும் இல்லை. 1949இல் எழுதப்பட்ட மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 85ஆவது பிரிவு, பிடிபடுவதற்கு முன் செய்த செயலுக்காக விசாரிக்கப்படும் போர்க்கைதியும், தண்டிக்கப்பட்டாலும்கூட, உடன்படிக்கையின் பாதுகாப்பை இழக்கமாட்டார் என்றது. 101ஆவது பிரிவு மரண தண்டனைக்கு முந்தைய காத்திருப்பை மூன்று மாதத்திலிருந்து ஆறாக்கியது. சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும் 85ஆவது பிரிவை முழுதாக ஏற்கவில்லை என்ற நிபந்தனையுடன் கையொப்பமிட்டன: போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று.